சென்னையில் மேடு எது, பள்ளம் எது? வீடு வாங்கும் முன் நிலத்தைப் படிப்பது எப்படி?

பொதிகைச்சாரல்:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எங்கள் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். மழை பெய்தால் தண்ணீர் கிழக்கே ஓடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். சென்னைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும், இங்கே எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

மேடவாக்கம் அருகே பழைய தனி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. தரைத்தளத்தில்தான் அவர்கள் இருக்க முடியும். "இந்தத் தெருவில் தண்ணீரே நிற்காது" என்று தரகர் அடித்துச் சொல்கிறார். அதை நான் எப்படிச் சரிபார்ப்பது? வெள்ளம் ஒன்றுதானா, வேறு எதற்கெல்லாம் இந்தச் சமவெளியில் பயப்பட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

நூறடிச்சாலை:

தம்பி, தரகர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். எனக்கு வீடு விற்றவரும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். வேளச்சேரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து குமிழ் குமிழாகப் பொங்கியது. துணியைச் சுருட்டி அடைத்தேன். அடுத்த கால் மணி நேரத்தில் சமையலறைத் துளையிலும் வந்தது. வாசல்படியில் மணல் மூட்டை போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டு, "உள்ளே பாருங்கள்" என்றேன். பிறகு நிலைப்படி வழியாகவும் வந்தது. மழை விட்ட பிறகும் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போனதுதான் எங்களால் புரிந்துகொள்ள முடியாமல் போன விஷயம். மாமியாரை மேல்மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று நாள் அங்கேதான் இருந்தோம். அரிசி மூட்டை ஊறிப் புளித்த வாடை சித்திரை வரை வீட்டை விட்டுப் போகவில்லை.

அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது: கழிவுநீர்க் குழாயில் எதிர்த்து வரும் நீரைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா? வாசல் எவ்வளவு உயரம் என்பதை அதற்கு அடுத்து கேளுங்கள்.

ஏரிக்கரையான்:

அம்மா கேட்டது நல்ல கேள்வி. மழை விட்ட பிறகும் ஏன் ஏறியது? நீர்ப்பாசனப் பணியில் முப்பது ஆண்டுகள் கரையும் மதகுமாக நடந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள்களில் முன்பெல்லாம் ஏரிகளின் முழு நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட அடியில் போடுவார்கள். பூண்டி 140 அடி, செம்பரம்பாக்கம் 85.40, புழல் 50.20. செம்பரம்பாக்கத்திலிருந்து கடல் நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் எண்பத்தைந்து அடி என்றால், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான் வாட்டம். அதுவும் ஆறு வளைந்து போகாமல் நேராகப் போனால். நகருக்குள் வந்துவிட்டால் இன்னும் மோசம். சென்னையின் சராசரி உயரமே கடல்மட்டத்துக்கு மேல் ஏழு மீட்டருக்கும் குறைவு. இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் ஓடாது, ஊர்ந்து போகும். காலையில் தாம்பரத்துக்கு மேற்கே பெய்தது இரவில்தான் உங்கள் தெருவுக்கு வந்து சேரும். அதற்குள் உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஓட மறுக்கும் தண்ணீரை நிற்க வைத்தார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க ஏரிமேல் ஏரியாக வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், போக்குக் கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்கு. அது நிரம்பினால் அதற்கடுத்த தாங்கலுக்கு. "தாங்கல்" என்ற சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வரும் தண்ணீரைத் தாங்கிக்கொள்வது அது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம், எதைத் தாங்கிய இடம் என்று கேட்பதில்லை. மாம்பலத்தை ஒட்டி மயிலாப்பூர் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதியை இன்றும் 'லேக் ஏரியா' என்றே அழைக்கிறார்கள்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் தண்ணீருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதெல்லாம் பள்ளிக்கரணைக் கழுவெளியில், அதாவது சதுப்பு நிலத்தில், போய்ச் சேரும். அங்கிருந்து நேர் கிழக்கே கடல் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் திருவான்மியூர் முதல் தெற்கே நீளும் மணல்மேடு மறிக்கிறது. ஆகவே தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போய், முட்டுக்காடு கழிமுகத்தில்தான் கடலைப் பார்க்கிறது. கழுவெளி ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். மிச்சத்தில் குப்பைமேடும் அலுவலகக் கோபுரங்களும் நம் வீடுகளும் இருக்கின்றன.

தாம்பரம் வாசகி:

ஐயா, நீங்கள் நிலத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவது எனக்கு ஏற்பாக இல்லை. 2015-இல் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அது மனிதர் எடுத்த முடிவு. முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தால் அடையாற்றங்கரையில் அத்தனை பேர் தவித்திருக்க மாட்டார்கள். தணிக்கைத் துறையின் அறிக்கையே அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது.

ஏரிக்கரையான்:

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. நான் யாரையும் காப்பாற்ற வரவில்லை. ஆனால் இரண்டு கணக்குகளைச் சேர்த்துப் பாருங்கள்.

அன்று உங்கள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூர், ஆதனூர், வரதராஜபுரம் பக்கத்தில் விழுந்த நீர் செம்பரம்பாக்கத்துக்குள் போவதே இல்லை. ஏரிக்குக் கீழே நேராக அடையாற்றில் கலக்கிறது. அதற்கு மதகும் கிடையாது, திறக்கவும் மூடவும் ஆளும் கிடையாது. நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 104 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்ததால் வழியில் இருந்த சிற்றேரிகள் எல்லாம் ஏற்கெனவே கழுத்து வரை நிரம்பியிருந்தன.

இரண்டாவது, 29,000 கனஅடி வீதம் திறந்தாலும் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கனஅடி, வெளியேற ஒன்பதரை மணி நேரம் ஆகும். ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தொல்லையில்லாமல் அதே ஒரு டி.எம்.சி.யை இரண்டு நாளில் இறக்க வேண்டுமென்றால் வினாடிக்கு 5,800 கனஅடி போதும். ஆக, நீங்கள் சொல்வது சரி: முடிவு இரண்டு நாள் முன்னதாக எடுக்கப்பட வேண்டும். ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி. அதில் ஒரு பங்கைக் கடலுக்கு அனுப்பிய பிறகு மழை பொய்த்துவிட்டால்?

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்துக்கும் அந்த ரயிலுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நான்கு பெரிய ஏரிகளும் சேர்ந்து தாங்குவது 11 டி.எம்.சி. சொச்சம். மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டிய அதே ஏரி மழைக்குப் பின் நிரம்பியிருக்கவும் வேண்டும். மதகின் சக்கரத்தில் கை வைத்து நிற்பவனுக்கு இந்த இரண்டு பயமும் ஒன்றாகத்தான் வரும்.

தாம்பரம் வாசகி:

டி.எம்.சி. கணக்கை இவ்வளவு எளிமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி ஐயா. ஆனாலும் அந்த இரண்டு நாள் முன்னறிவிப்பு மக்களுக்கு வந்து சேர வேண்டும் என்பதில் நான் பின்வாங்க மாட்டேன். என் தங்கை வீட்டுக்கு இரவு பதினொரு மணிக்குத்தான் செய்தி போனது.

கட்டுமரம்:

எல்லோரும் ஏரியைப் பேசுகிறீர்கள். கடலை யாரும் பேசவில்லை. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன் நான்.

ஆறு கடலில் கலக்க வேண்டுமானால் முகம் திறந்திருக்க வேண்டும். எங்கள் முகத்துவாரத்தில் ஆண்டில் பல மாதம் மணல்திட்டு அடைத்திருக்கும். ஆற்றில் நல்ல வேகம் இருந்தால் மணலைத் தானே உடைத்துக்கொண்டு போகும். சமவெளி ஆற்றுக்கு அந்த வேகம் ஏது? மழைக்காலத்துக்கு முன் இயந்திரம் வைத்து வெட்டுகிறார்கள், அலை திரும்ப மூடுகிறது. இதில் ஓதமும் சேர்ந்துகொள்ளும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுநீர் முகத்துவாரத்தில் நின்று காத்திருக்கும். புயல் நேரத்தில் காற்றே கடலைக் கரைப் பக்கம் தள்ளி வைத்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, 5-ஆம் தேதி. ஆனால் 3, 4 தேதிகளில் அது நமக்கு எதிரே கடலில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததால்தான் இங்கே அத்தனை தண்ணீர் நின்றது. புயல் எங்கே கரை கடக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு அலட்சியமாக இருக்கக் கூடாது.

அதே நேரம், நேராக வந்து கடப்பதும் உண்டு. 2016 டிசம்பர் 12, வர்தா. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்தது. புயலின் கண் அது. வெளியே போனவர்களை "உள்ளே வாருங்கள், திரும்ப அடிக்கும்" என்று எங்கள் பெரியவர்கள் கத்திக் கூப்பிட்டார்கள். சொன்னபடியே எதிர்த்திசையில் இருந்து அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரங்களெல்லாம் இரண்டாவது காற்றில் வேரோடு விழுந்தன.

2004 டிசம்பர் 26 பற்றி என்னால் அதிகம் எழுத முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மணற்குன்றும் அதன் மேல் அடர்ந்த கொடியும் இருக்கும் கரையை வீட்டுக்கு நல்ல காட்சி வேண்டும் என்று சமப்படுத்தாதீர்கள். எங்களுக்கும் உங்களுக்கும் கடலுக்கு முன்னால் இருக்கும் ஒரே மேடு அதுதான்.

எண்ணூர்க்காரி:

தென்சென்னைக்காரர்கள் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் இருந்த வீடுகளையே கடல் எடுத்துக்கொண்டுபோன கதையையும் இந்த இழையில் பதிவு செய்துவிடுகிறேன்.

இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது. மெரினா அப்படித்தான் அகன்றது. எங்களுக்கு வர வேண்டிய மணல் வராததால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இப்போது கருங்கல் கொட்டியும், கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே அடுத்த ஊர் அரிக்கத் தொடங்குகிறது.

மீஞ்சூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணறுகளில் உறிஞ்சினார்கள். நிலத்தடியில் நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் ஏறிக்கொண்டது. நெல் விளைந்த வயல்களின் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. வெள்ளம் வந்தால் நான்கு நாளில் வடியும். இந்த உப்பு ஒரு தலைமுறையிலும் வடியாது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது, மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து படகுகளில் அப்பியது. வடக்கே வருகிற தண்ணீரும் சமவெளித் தண்ணீர்தான். அதையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

கருங்கல்:

எண்ணூர்ச் சகோதரி சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. நான் நிலவியல் கற்பித்தவன். பொதிகைச்சாரல் நண்பர் நிலநடுக்கத்தையும் மனத்தில் வைத்துத்தான் கேட்டிருப்பார், அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கம் இங்கே நன்றாக உணரப்பட்டது. 2002-இல் திருத்திய கட்டட விதிகளில் சென்னை நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. நீங்கள் பார்க்கும் வீடு அதற்கு முந்தையது என்றால் தூண்களையும் அடித்தளத்தையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். ஏரியைத் தூர்த்துக் கொட்டிய மண்ணின் மேல் நிற்கும் வீடு என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

சென்னை முழுக்க ஒரே தட்டை என்று நினைக்க வேண்டாம். இதன் அடியில் இருப்பது மிகப் பழைய பாறை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறையைத்தான் 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் 'சார்னோகைட்' என்று பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்தார். அந்தப் பாறை தலை நீட்டும் இடங்கள்தான் நம் குன்றுகள். கடலை ஒட்டி, கரைக்கு இணையாகப் பழைய மணல்மேடுகள் வரிசையாக ஓடுகின்றன. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அப்படிப்பட்ட மணலில் அமைந்த ஊர்கள். மணல் மழைநீரை உடனே உள்வாங்கி நன்னீராக வைத்துக்கொள்ளும். புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த ஏழுகிணறும் மணற்கிணறுகள்தாம். இரு மேடுகளுக்கு இடையிலான களிமண் பள்ளத்திலும் ஆற்றுப் படுகையிலும் அப்படி உறிஞ்சாது.

மேடவாக்கத்துக்காரருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தது உங்கள் பக்கம்தான். பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, ஏழரை மைல். சங்கிலியை நேராக விரிக்கச் சமதரை வேண்டும், இரு முனையிலும் பார்க்க உயரம் வேண்டும். இரண்டும் அங்கே கிடைத்தன. அளப்பதற்கு அருமையான அந்தச் சமதரையில்தான் இன்று மழைநீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது.

மடிப்பாக்கத்தான்:

இவ்வளவு கவலை தேவையில்லை நண்பரே. வீட்டை ஜாக்கி வைத்து மூன்று நான்கு அடி தூக்கிவிடலாம். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளை அப்படித் தூக்கினார்கள். சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. காலிமனை என்றால் மண் கொட்டி உயர்த்திக்கொள்ளுங்கள்.

நூறடிச்சாலை:

அண்ணா, தூக்குவதை நான் குறை சொல்லவில்லை. வசதி உள்ளவர் செய்துகொள்ளட்டும். ஆனால் மண் கொட்டி மனையை உயர்த்துவது வேறு. உங்கள் மனையில் நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக்கு. எங்கள் தெருவில் ஒருவர் மூன்றடி உயர்த்தினார், அடுத்த மழையில் எதிர்வீட்டுப் பாட்டி கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் சாலையை மேலே மேலே போடுவதால் நாங்கள் மூன்று படி இறங்கித்தான் எங்கள் வீட்டுக்குள் போகிறோம். வாங்கியபோது இரண்டு படி ஏறிப் போனோம்.

ஏரிக்கரையான்:

பொதிகைச்சாரல் தம்பிக்கு, நேரில் என்ன பார்ப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் வாங்குங்கள். பட்டா சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. சுற்றியுள்ள புல எண்களில் ஏரி உள்வாய் (ஏரிக்குள் நீர் நிற்கும் பகுதி), கழுவெளி, தாங்கல், வாய்க்கால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கிராம நத்தம் எங்கே என்று பாருங்கள். பழைய ஊரார் குடியிருப்புக்கும் கோயிலுக்கும் மேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் நெல் நட்டார்கள். நெல்வயல் இருந்த இடம் தண்ணீர் நிற்பதற்காகவே சமப்படுத்திய இடம்.

பிறகு தெருவில் நடங்கள். மதில் சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போன்ற கறை இருக்கும், சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தால் பின்பக்கச் சுவரைப் பாருங்கள். மின்பெட்டிகளை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் தெருவில் விரால் மீன் பிடித்திருக்கிறார்களா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பிடித்தோம் என்றால் ஏதோ ஓர் ஏரி அந்தத் தெருவைத் தன் வழியாகவே இன்னும் வைத்திருக்கிறது.

பொதிகைச்சாரல்:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் என் வணக்கம்.

வரைபடம் வாங்கினேன். வீட்டு மனை பட்டா நிலம்தான். ஆனால் தெருவின் கிழக்கு முனையில் ஒரு வாய்க்கால் வரைந்திருக்கிறது. நேரில் அந்த இடத்தில் ஒரு திருமண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. தெருமுனை இட்லிக் கடை அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கடைக்குள் கூப்பிட்டு மாவரைக்கும் இயந்திரத்தைக் காட்டினார். அது இடுப்பளவு உயர மேடையில் இருந்தது. "மிக்ஜாமுக்குப் பிறகு கட்டினேன்" என்றார். தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நன்மங்கலம் காட்டை ஒட்டி இன்னொரு வீடு சொல்கிறார்கள். குன்று பக்கத்தில் இருப்பதால் மேடாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரியாக இருக்குமா?

கருங்கல்:

பாறை மேலாக இருக்கும் இடம், அடித்தளத்துக்கு நல்லது. கிணறு எவ்வளவு ஆழம், கோடையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். பாறை நிலத்தில் 2019 எப்படிப் போனது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஏரிக்கரையான்:

காட்டின் எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். குன்றிலிருந்து இறங்கும் ஓடை எந்த ஏரிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போகாதீர்கள் தம்பி. வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மழை என்கிறார்கள். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேடவாக்கம் கூட்டுரோடு பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள், நானும் குடையோடு வருகிறேன். காலணி நனைந்தால் பரவாயில்லை என்று பழையதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.